ஆங்கில நாடகத்தின் வீழ்ச்சி: பாடநூல் வரலாற்றுக்கு ஒரு மறுப்பு

தமிழ்த் துறைகளின் நாடகவியல் தாளிலும் ஒப்பிலக்கியத் தாளிலும் ஆங்கில நாடக வரலாறு ஒரு சிறு பகுதியாகவேனும் இடம்பெறுவது வழக்கம். அப்பகுதி மாணவரைச் சென்றடையும் வடிவம் ஏறத்தாழ மாறாதது. எலிசபெத் அரசியின் காலத்தில் ஆங்கில நாடகம் முளைத்துத் தழைத்தது. மார்லோ அதற்கு வலிமை தந்தார். ஷேக்ஸ்பியர் அதனைக் கொடுமுடியில் ஏற்றினார். 1616இல் அவர் மறைந்தபின் நாடகம் நலிந்தது. கொலையும் முறைபிறழ்ந்த காமமும் மேடையை நிறைத்தன. 1642இல் பியூரிட்டன் எனப்பட்ட தூய்மைவாதிகள் அரங்குகளை மூடினர். 1660க்குப் பின் அரசவையின் ஒழுக்கக்கேட்டை ஒத்த நகை நாடகங்கள் சில தோன்றின. பின்னர்ப் பெர்னார்ட் ஷா வரும்வரை சொல்லத்தக்கது பெரிதாக ஒன்றுமில்லை. பத்து மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு போதும். வரலாறு என்று கொள்வதற்குப் போதாது.

இக்கதையில் வரும் ஆண்டுகளும் பெயர்களும் பிழையற்றவை. பிழை அவற்றைக் கோத்த நூலில் இருக்கிறது. 'நாடகம் நலிந்தது', 'நாடகம் வீழ்ந்தது' என்னும் தொடர்களைத் தமிழிலக்கணம் பயின்றோர் சற்று நின்று நோக்க வேண்டும். நலிந்தது, வீழ்ந்தது என்பன தன்வினைகள். இவற்றிற்கு நலித்தவர், வீழ்த்தியவர் என்றொரு கருத்தா வேண்டியதில்லை. பழுத்த இலை காம்பறுவதுபோல நாடகம் தானே உதிர்ந்தது என்பதே இவ்வினைகள் தரும் பொருள். ஆனால் ஆங்கில நாடகத்தின் பிற்கால வரலாற்றில் நலித்தவர் உண்டு. அவர்தம் ஆணைகள் எழுத்தில் உண்டு. அவ்வாணைகளுக்கு ஆண்டும் திங்களும் உண்டு. இவ்வளவும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, தன்வினையாலேயே எழுதப்பட்டு வரும் வரலாற்றை இக்கட்டுரை மறுக்கிறது.

உவமை வரலாறான கதை

முளைத்தல், தழைத்தல், பூத்தல், வாடுதல் என்னும் வைப்புமுறை ஆங்கில நாடகத்திற்கு இயல்பாக வாய்த்ததன்று. அதற்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. ஜான் ஆடிங்டன் சிமண்ட்ஸ் என்னும் விக்டோரியா காலத் திறனாய்வாளர், ஷேக்ஸ்பியருக்கு முற்பட்ட நாடக ஆசிரியர்களைப் பற்றி 1884இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். 1890இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுதி, பரிணாமக் கொள்கையைக் கலைக்கும் இலக்கியத்திற்கும் பொருத்திக் காட்ட முற்பட்டது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் தலையாயது எலிசபெத் கால நாடகமே. கலைவடிவம் ஓர் உயிரி. அது கருவாகி, வளர்ந்து, முதிர்ந்து, தளர்ந்து மறையும். தனிமனிதர் எவரும் அப்போக்கைத் திருப்ப இயலாது என்பது அவர் கொள்கையின் சாரம். டார்வினின் நூல் 1859இல் வெளிவந்து முப்பதாண்டு கழிந்த நேரம் அது. எல்லாவற்றையும் உயிரியலாகக் காண்பது அன்றைய அறிவுலகின் பழக்கம். அப்பழக்கம் கல்லூரிக் கைந்நூல்களுக்குள் இறங்கிற்று. கைந்நூல்கள் கப்பலேறி இந்தியக் கல்லூரிகளுக்கு வந்தன. தமிழ்த் திறனாய்வு நூல்கள் ஹட்சன் ஒருவருக்கே பட்டுள்ள கடன் பெரிது. கடன்பட்டதில் குற்றமில்லை. கொடுத்தவர் கணக்கை மூடிய பின்னரும் வட்டி கட்டிக்கொண்டிருப்பதுதான் வியப்பு.

கணக்கை அவர்கள் மூடிவிட்டார்கள் என்பது மிகைக்கூற்றன்று. ஜெரால்ட் ஈட்ஸ் பென்ட்லி 1941 முதல் 1968 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட அரங்க வரலாறு, 1616க்கும் 1642க்கும் இடைப்பட்ட குழுக்கள், நடிகர்கள், அரங்குகள், நாடகங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தது. மார்கட் ஹைன்மன் 1980இல் தூய்மைவாதத்திற்கும் அரங்கிற்கும் இருந்த உறவை ஆராய்ந்து, அவ்விரண்டும் எப்போதும் பகை என்னும் எண்ணத்தை அசைத்தார். மார்ட்டின் பட்லர் 1984இல், 1632 முதல் 1642 வரையிலான நாடகம் அரசவைக்கு அடிபணிந்து கிடந்த நோயாளி அன்று, அரசியல் நெருக்கடியோடு நேர்முகமாக உரையாடிய கலை என நிறுவினார். இந்நூல்கள் வந்து நாற்பதாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. தமிழ்ப் பாடநூல்களில் இவற்றின் சுவடு காண்பது அரிது.

1616க்குப் பின்

முதலில் ஒரு சிறு கணக்கு. எலிசபெத் அரசி இறந்தது 1603இல். 'ஒத்தெல்லோ', 'லியர் மன்னன்', 'மக்பெத்', 'புயல்' ஆகியவை முதலாம் ஜேம்ஸின் ஆட்சியில் மேடையேறியவை. எலிசபெத்தின் பெயரால் வழங்கும் பொற்காலத்தின் சிறந்த விளைச்சலில் ஒரு பெரும்பகுதி அவ்வரசி அறியாதது. மறுபுறம், நலிவின் அடையாளமாகச் சுட்டப்படும் வெப்ஸ்டரின் 'வெண்பேய்' அச்சானது 1612இல். ஷேக்ஸ்பியர் அப்போது உயிரோடிருந்தார். கொடுமைக் காட்சிகளை அளவுகோலாகக் கொண்டால், 1594இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் ஆண்ட்ரானிக்கஸ்' பின்வந்த எவருடைய நாடகத்திற்கும் சளைத்ததன்று. லியரில் முதியவர் ஒருவரின் கண்கள் மேடையிலேயே பிடுங்கப்படுகின்றன. ஷேக்ஸ்பியர் செய்தால் அவலத்தின் உச்சம், வெப்ஸ்டர் செய்தால் அழுகல் எனக் கொள்வதற்குத் திறனாய்வு என்று பெயரிட இயலாது.

1630களில் இலண்டனில் ஆறு அரங்குகள் இயங்கின: குளோப், பிளாக்ஃப்ரையர்ஸ், ஃபார்ச்சூன், ரெட் புல், காக்பிட், சாலிஸ்பரி கோர்ட். நலிந்துவிட்டதாகச் சொல்லப்படும் ஒரு கலைக்கு இது வியப்பான எண்ணிக்கை. எழுதியோரும் சிறியோர் அல்லர். மிடில்டனும் ரௌலியும் இணைந்து எழுதிய 'தி சேஞ்ச்லிங்' 1622இல் ஆடப்பெற்றது. 1624 ஆகஸ்டில் மிடில்டனின் 'எ கேம் அட் செஸ்' குளோப் அரங்கில் ஞாயிறு நீங்கலாகத் தொடர்ந்து ஒன்பது நாள் நடந்தது. ஒரே நாடகம் இரண்டு மூன்று நாள் தொடர்வதே அரிதாயிருந்த காலம் அது. ஸ்பெயின் நாட்டு அரசியலைச் சதுரங்கக் காய்களாக்கி எள்ளிய அந்நாடகம், ஸ்பானியத் தூதரின் முறையீட்டால் அரசாணையின் பேரில் நிறுத்தப்பட்டது. மிடில்டன் 1627இல் இறந்தார். இந்நாடகத்திற்குப் பின் அவர் அரங்கிற்கு எழுதியதாகத் தெளிவான சான்று இல்லை. இதனை எவ்வினையால் எழுதுவது? மிடில்டனின் படைப்பாற்றல் நலிந்தது என்றா, அவரை நிறுத்தினர் என்றா?

மாசிஞ்சர் 1631இல் எழுதிக் கொடுத்த நாடகமொன்றில் போர்ச்சுகல் மன்னரின் கதை இருந்தது. ஸ்பெயினோடு இங்கிலாந்து அமைதி உடன்பாடு கொண்டிருந்தமையால், அரசவைக் கேளிக்கைத் தலைவராகிய ஹென்றி ஹெர்பர்ட் அதற்கு இசைவு மறுத்தார். மாசிஞ்சர் கதையைப் பழைய உரோமானியர் காலத்திற்கு மாற்றி எழுதித்தந்தபின் இசைவு கிடைத்தது. நிகழ்காலம் பேச விரும்பிய நாடகம் பழங்காலத்துள் ஒளிந்துகொள்ள நேர்ந்த இந்நிகழ்ச்சியை அறியாதவர், அக்கால நாடகம் வாழ்க்கையிலிருந்து விலகித் தொலைநாட்டுக் கதைகளில் திளைத்தது என்று பின்னர்க் குறை கூறுகின்றனர். 1640இல் காக்பிட் அரங்கின் தலைவர் வில்லியம் பீஸ்டன், மன்னரின் வடபுலப் பயணத்தைத் தொட்ட நாடகமொன்றை இசைவின்றி ஆடியதற்காகச் சிறையிடப்பட்டார். அரங்கம் அரசவைக்கு நெருக்கமான டேவனன்ட்டின் கைக்கு மாறியது.

அரங்கின் உள்ளேயும் ஒரு குறுகல் நிகழ்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. குளோப் அரங்கின் திறந்த முற்றத்தில் நின்று காண ஒரு பென்னி போதும். மன்னர் குழு 1609 வாக்கில் ஆடத்தொடங்கிய பிளாக்ஃப்ரையர்ஸ் கூரையிட்ட உள்ளரங்கம். அங்கே குறைந்த கட்டணமே ஆறு பென்னி. குளோப் மூவாயிரம் பேரளவு கொள்ளும். பிளாக்ஃப்ரையர்ஸ் அதில் நான்கில் ஒரு பங்குகூடக் கொள்ளாது. வருவாயும் மதிப்பும் உள்ளரங்கின் பக்கம் சாய்ந்தபோது நாடக ஆசிரியர் யாருக்காக எழுதினர் என்பதும் மாறிற்று. எனினும் ஃபார்ச்சூனும் ரெட் புல்லும் பொதுமக்களுக்காக இறுதிவரை ஆடிக்கொண்டுதான் இருந்தன. உள்ளரங்க நாடகங்களை மட்டும் படித்துவிட்டு அக்கால நாடகமே மேட்டுக்குடியினருடையது எனத் தீர்ப்பிடுவது, தனிப்பாடல் திரட்டை மட்டும் படித்துவிட்டுப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் தெருக்கூத்தே இல்லை என்பதை ஒக்கும்.

தூய்மைவாதிகள் என்னும் வசதியான பகைவர்

1642 செப்டம்பர் 2ஆம் நாள் நாடாளுமன்றம் பிறப்பித்த ஆணையே அரங்குகளை மூடியது. இதில் ஐயமில்லை. அவ்வாணை உள்நாட்டுப் போர் தொடங்கிய சில நாள்களில் வந்தது. துயரமிக்க அக்காலம் நீடிக்கும்வரை ஆடல்கள் நிற்க வேண்டும் என்பதே அதன் கருத்து. நாடகம் என்றென்றைக்கும் ஒழிக என்னும் சமயத் தீர்ப்பாக அது அமையவில்லை. கூட்டம் கூடுவதைப் போர்க்காலத்தில் அஞ்சிய ஓர் அரசின் நெருக்கடி நடவடிக்கை அது. கடுமை பின்னரே வந்தது. நடிகர்கள் மறைவாக ஆடுவதை நிறுத்தாதபோது, 1648 பிப்ரவரியில் வந்த ஆணை நடிகரை நாடோடிக் குற்றவாளிகளாக்கியது. அரங்க இருக்கைகளை இடிக்கச் சொன்னது. பார்வையாளருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தது. 1649இல் படைவீரர் ஃபார்ச்சூன், காக்பிட், சாலிஸ்பரி கோர்ட் ஆகியவற்றின் உட்புறங்களை உடைத்தனர். தானே செத்துக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்த இத்தனை ஆணையும் கோடரியும் ஏன் தேவைப்பட்டன?

தூய்மைவாதிகளுள் அரங்கை வெறுத்தோர் இருந்தனர். வில்லியம் பிரின் 1633இல் ஆயிரம் பக்கத்திற்கு மேல் எழுதிய நூல் அதற்குச் சான்று. அதற்காக அவருடைய காதுகள் அறுக்கப்பட்டன. ஆனால் அதே அணியைச் சார்ந்த மில்டன், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1632ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பில் அவரைப் போற்றிப் பாடல் எழுதியவர். 1634இல் ஆடப்பெற்ற 'கோமஸ்' என்னும் கூத்து அவர் எழுதியது. அவலநாடக வடிவில் 'சாம்சன் அகோனிஸ்டிஸ்' தந்தவரும் அவரே. மிடில்டனின் சதுரங்க நாடகத்தை இலண்டன் நகரம் திரண்டு கண்டபோது அத்திரளில் ஸ்பெயினை வெறுத்த புராட்டஸ்டன்ட் வணிகரும் கைவினைஞரும் இருந்தனர். சமயம் கலையைக் கொன்றது என்பது நினைவில் வைக்க எளிய வாய்பாடு. எளிமை ஒன்றே அதன் தகுதி.

இரண்டு அரங்குகளின் நாடு

உண்மையான அடி 1660இல் விழுந்தது. நாடகத்தை மீட்டவர் என்று போற்றப்படும் இரண்டாம் சார்லஸ் கையாலேயே விழுந்தது. பாடநூல்கள் தலைகீழாக்கும் இடம் இதுவே. மன்னர் அரங்குகளைத் திறந்தார் என்பர். அவர் திறந்தவை இரண்டு. தாமஸ் கில்லிகுரு, வில்லியம் டேவனன்ட் என்னும் அரசவைச் சார்பினர் இருவருக்கு மட்டுமே இலண்டனில் நாடகம் ஆடும் உரிமை பட்டயமாக வழங்கப்பட்டது. பழைய நாடகங்களை ஆடும் உரிமையும் அவ்விருவருக்கிடையே பங்கிடப்பட்டது. 1682இல் இரு குழுக்களும் ஒன்றாயின. 1695வரை அம்மாநகரில் பட்டயம் பெற்ற குழு ஒன்றே. 1600 வாக்கில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரில் பல குழுக்கள் போட்டியிட்டன. நூறாண்டில் மக்கள்தொகை ஐந்து இலட்சத்தை எட்டியது. ஆடுகளமோ ஒன்றிரண்டாகச் சுருங்கியது. எழுதியதை ஏற்க ஒருவர் மறுத்தால் அடுத்தவரிடம் செல்லும் வழி நாடக ஆசிரியருக்கு அடைபட்டது.

அக்குறுகிய கூடத்துள்ளும் வைச்சர்லி, எத்தரெஜ், ஆஃப்ரா பென், காங்கிரீவ் போன்றோர் எழுதியவை நிலைபெற்றன என்பது அவர்தம் ஆற்றலுக்குச் சான்று. பெண்கள் மேடையேறியதும், பென் போன்ற பெண்ணொருவர் எழுதிப் பிழைத்ததும் இக்காலத்தின் பேறுகள். இவற்றை ஒழுக்கக்கேடு என்னும் ஒற்றைச் சொல்லால் ஒதுக்குவது 1698இல் ஜெரமி காலியர் என்னும் பாதிரியார் தொடங்கி வைத்த வழக்கம். மூன்று நூற்றாண்டு கழித்து அவருடைய வழக்குரைஞராகத் தமிழ்ப் பேராசிரியர்கள் நிற்பதற்குக் காரணமில்லை.

ஃபீல்டிங்கின் இடப்பெயர்ச்சி

பதினெட்டாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் இக்கட்டு சற்றே தளர்ந்தது. ஹேமார்க்கெட், குட்மன்ஸ் ஃபீல்ட்ஸ் ஆகிய இடங்களில் பட்டயமற்ற அரங்குகள் இயங்கின. தளர்ந்தவுடன் நிகழ்ந்தது கருதத்தக்கது. 1728இல் ஜான் கேயின் 'பிச்சைக்காரர் இசைநாடகம்' முதற்பருவத்திலேயே 62 முறை ஆடப்பெற்றது; கள்வர் கூட்டத்தின் வாயிலாக அமைச்சர் வால்போலின் ஆட்சியை எள்ளியது. அதன் தொடர்ச்சியாகிய 'பாலி' மேடையேறுமுன் தடுக்கப்பட்டது. ஹென்றி ஃபீல்டிங் 1736இல் 'பாஸ்குவின்', 1737இல் '1736ஆம் ஆண்டின் வரலாற்றுப் பதிவேடு' என அரசியல் எள்ளல் நாடகங்களை ஹேமார்க்கெட்டில் அடுத்தடுத்து ஆடினார். நூறாண்டுக்கு முன்னரே நாடகம் வாடிவிட்டது என்பது மெய்யானால் வாடிய கொடி இவ்வாறு காய்த்தது எங்ஙனம்?

வால்போல் காத்திருக்கவில்லை. 'தங்கப் பிட்டம்' என்னும் ஆபாச எள்ளல் நாடகமொன்றின் கைப்படியைக் காட்டி 1737 ஜூனில் உரிமச் சட்டத்தை நிறைவேற்றினார். அந்நாடகம் ஆடப்படவும் இல்லை. இன்று கிடைக்கவும் இல்லை. பட்டயமோ லார்ட் சேம்பர்லேன் என்னும் அரண்மனை அதிகாரியின் உரிமமோ இன்றிக் கூலிக்கு நாடகம் ஆடுதல் குற்றமாயிற்று. புதிய நாடகம் ஒவ்வொன்றும் பதினான்கு நாள் முன்னதாக அவ்வதிகாரியிடம் படைக்கப்பட வேண்டும். அவர் காரணம் கூறாமலே மறுக்கலாம். மீறினால் ஐம்பது பவுன் தண்டம். பிரபுக்கள் அவையில் செஸ்டர்ஃபீல்ட் இதனை எதிர்த்து உரையாற்றினார். சட்டம் நின்றது. 1739இல் ஹென்றி புரூக்கின் 'குஸ்டாவஸ் வாசா' தடைசெய்யப்பட்டபோது, இளைஞரான சாமுவேல் ஜான்சன் தணிக்கையாளரைப் புகழ்வதுபோல் பழிக்கும் நூலொன்றை எழுதினார். நிந்தாத்துதிக்கு எதிர்த்தட்டான அவ்வுத்தியைத் தமிழர் அங்கதம் என்று எளிதில் அறிவர்.

இருபதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியிருந்த ஃபீல்டிங்குக்கு அப்போது வயது முப்பது. அரங்கம் பறிபோனபின் அவர் சட்டம் படிக்கச் சென்றார். 1742இல் 'ஜோசப் ஆண்ட்ரூஸ்', 1749இல் 'டாம் ஜோன்ஸ்' எழுதினார். இலக்கிய வரலாறு இதனை நாவலின் தோற்றம் என்று ஓர் இயலிலும், நாடகத்தின் நலிவு என்று வேறோர் இயலிலும் எழுதுகிறது. இரண்டும் ஒரே மனிதரின் ஒரே இடப்பெயர்ச்சி. நாவலுக்கு முன்தணிக்கை இல்லை, நாடகத்திற்கு உண்டு. அறிவுடைய எழுத்தாளர் எங்குச் செல்வார் என்பதைக் கூறப் பரிணாமக் கொள்கை வேண்டியதில்லை. நாவலின் எழுச்சிக்கு அச்சுத்தொழில், படிக்கத் தெரிந்த நடுத்தர வகுப்பு முதலிய பிற காரணங்களும் உண்டு. எனினும் நாடகம் இழந்ததை நாவல் பெற்றது என்பதற்கு ஃபீல்டிங்கைவிடத் தெளிவான சான்று வேண்டுவோர் எச்சான்றையும் ஏற்கமாட்டார்.

எஞ்சியது நடிகரின் காலம். 1741இல் டேவிட் காரிக் மூன்றாம் ரிச்சர்டாக முதன்முதல் இலண்டனில் தோன்றிய குட்மன்ஸ் ஃபீல்ட்ஸ் அரங்கில், இசைக்கச்சேரிக்கே கட்டணம் என்றும் இடையில் வரும் நாடகம் இலவசம் என்றும் விளம்பரம் செய்யவேண்டியிருந்தது. சட்டத்திற்கு அஞ்சிச் செய்த தந்திரம் அது. புதிய நாடகம் எழுதுவதில் இடர் மிகுந்தபோது பழைய ஷேக்ஸ்பியரை மீண்டும் மீண்டும் ஆடுவதே பாதுகாப்பாயிற்று. அதுவும் பழைய உருவில் அன்று: நேஹம் டேட் 1681இல் மங்கல முடிவு தந்து மாற்றிய லியரே 1838வரை மேடையை ஆண்டது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியபோது அந்த லியரும் அவர் இறக்கும் 1820வரை மேடைக்கு வரவில்லை.

இரண்டே பட்டய அரங்குகள் பெருகிய கூட்டத்தை அடக்க வேண்டியிருந்ததால் அவை பூதாகாரமாயின. 1794இல் மீண்டும் கட்டப்பட்ட டிரூரி லேன் அரங்கில் மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் அமரலாம். கடைசி வரிசைக்கு முகக்குறிப்பும் தெரியாது, குரலும் எட்டாது. எனவே 1803இல் அங்கே கார்லோ என்னும் நாய் நீரில் குதித்துக் குழந்தையை மீட்டது. 1811இல் கவென்ட் கார்டன் மேடையில் குதிரைகள் ஏறின. சிறு அரங்குகளுக்கோ பேச்சு நாடகமே விலக்கு. 1809இல் எல்லிஸ்டன், ராயல் சர்க்கஸ் அரங்கில் 'மக்பெத்'தை இசையோடு கூடிய அபிநயக் கூத்தாக ஆட நேர்ந்தது. உணர்ச்சி மிகையுடைய இசைக்கலப்பு நாடகம் என மெலோடிராமாவை இழிப்போர், அங்கே பேசுவது சட்டப்படி குற்றமாயிருந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். வாயைக் கட்டிவிட்டுக் கைகால் ஆட்டுகிறான் என்று பழிப்பது நேர்மையன்று.

இவையெல்லாம் பிற்காலத்தார் கண்ட விளக்கங்கள் எனத் தள்ளவும் இயலாது. 1832இல் எட்வர்ட் புல்வரைத் தலைவராகக் கொண்டு பிரித்தானிய மக்களவை அமைத்த குழுவொன்று, நாடக இலக்கியத்தைப் பாதிக்கும் சட்டங்களை ஆராய்ந்தது. நாடகம் தாழ்ந்திருப்பதை அக்குழு ஒப்புக்கொண்டது. பட்டயத் தனியுரிமையைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. வீழ்த்திய அவையே வீழ்த்தியதை ஏட்டில் எழுதிய பின்னும் கைந்நூலாசிரியர்கள் உயிரி உவமையைத் தேடிச் சென்றது வேடிக்கை. 1843ஆம் ஆண்டுச் சட்டம் தனியுரிமையை நீக்கிற்று, தணிக்கையை நிலைநிறுத்திற்று. இப்சனின் 'ஆவிகள்' 1891இல் இலண்டனில் உறுப்பினர்க்கு மட்டுமான தனிக்காட்சியாகவே ஆட முடிந்தது. ஷாவின் 'திருமதி வாரனின் தொழில்' 1893இல் எழுதப்பட்டு, அங்கே பொதுமேடை காண 1925 ஆயிற்று. ஷா வரும்வரை ஒன்றுமில்லை என்போர், தணிக்கையைச் சுற்றிச் செல்லும் தனிக்கழகங்கள் தோன்றிய பத்தாண்டில்தான் ஷா தோன்றினார் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. அத்தணிக்கை முற்றாக ஒழிந்தது 1968இல்.

ஒரு தடை

எலிசபெத் காலத்திலும் தணிக்கை இருந்ததே, பின் எவ்வாறு பொற்காலம் விளைந்தது என்னும் வினா எழும். நல்ல வினா. 'சர் தாமஸ் மோர்' கைப்படியில் கேளிக்கைத் தலைவர் டில்னி அடித்துத் திருத்திய இடங்கள் இன்றும் உள்ளன. பென் ஜான்சன் 1597லும் 1605லும் நாடகம் எழுதியதற்காகச் சிறை சென்றார். எனினும் இரண்டனுக்கும் வேறுபாடு உண்டு. அன்றைய தணிக்கை ஒரு நாடகத்தின் வாயை அடைத்தது, ஆடுகளத்தைப் பறிக்கவில்லை. ஓர் அரங்கு மறுத்ததை மற்றோர் அரங்கு ஏற்கலாம். ஒரு பென்னி தந்து நிற்போர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். 1660 களத்தைப் பறித்தது. 1737 வாயையும் சேர்த்து அடைத்தது. தணிக்கையும் தனியுரிமையும் கூடிய இடத்திலேயே பெருஞ்சுருக்கம் நிகழ்ந்தது. சட்டம் ஒன்றே முழுக்காரணம் என்பது இதன் பொருளன்று. எழுதத் தெரியாதோர் எழுதிய அவல நாடகங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் மலிந்தன. எச்சட்டமும் அவற்றை எழுதச் சொல்லவில்லை. ஆனால் நல்லோர் விலகிய களத்தில் நிற்பவர் யார் என்பதைச் சட்டமே வரையறுத்தது.

தமிழ் நாடக வரலாற்றுக்கு இதனாலாவது

இவ்வழக்கு ஆங்கிலத் துறைக்குரியது, தமிழ்த் துறைக்கு என்ன என்று கேட்கலாம். இறக்குமதியான உவமை தமிழ் நாடகத்தின் மீதும் ஏற்றப்பட்டிருக்கிறது. பழந்தமிழ் நாடகநூல்கள் மறைந்தமைக்குச் சமண பௌத்தத் துறவு நெறியே காரணம் என்னும் கூற்று நாடக வரலாறுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இங்கிலாந்தின் தூய்மைவாதிகளுக்கு வகுத்த வேடத்தை இங்கே சமணருக்கு அணிவித்திருக்கிறார்கள். அரங்கின் அளவு, எழினி, விளக்கு, ஆடலாசிரியன் அமைதி, இசையோன் அமைதி என நாடகத் தமிழுக்குக் கிடைத்துள்ள விரிவான பழஞ்சான்று சிலப்பதிகார அரங்கேற்று காதையே. அந்நூலின் ஆசிரியரைச் சமணத் துறவி என்பதே மரபு. அக்கூற்றைச் சொல்வோர் இளங்கோவை எங்கே வைப்பர்? தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்கு நெல் நிவந்தம் அளித்த கல்வெட்டு இருக்கிறது. நிவந்தம் யார் தந்தார், எப்போது நின்றது, நின்றபின் ஆடுவோர் எங்குச் சென்றனர் என்பவை கேட்கத்தக்க வினாக்கள். சமயம் அழித்தது என்று சொல்லிவிட்டால் இவ்வினாக்கள் எழாமலே போகும்.

அண்மைக் காலத்தில் தொடர்பு இன்னும் நேரடியானது. உள்நாட்டில் நாடகத்தை முன்தணிக்கையால் ஆண்ட அரசே, வங்க மேடையின் எள்ளலுக்கு அஞ்சி 1876இல் நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை இந்தியாவுக்கு இயற்றியது. தமிழ் மேடையில் விடுதலைப் பாடல் பாடியதற்காக விசுவநாததாஸ் பலமுறை சிறைப்பட்டார். நாடு விடுதலை பெற்ற பின்னும் 1954இல் சென்னை மாநிலம் தன் சொந்த நாடகச் சட்டத்தை இயற்றிக்கொண்டது, எம். ஆர். இராதா அதன் அடியை வாங்கியவர். அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் செல்லாதன என்றது. 1876ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியது 2018இன் தொடக்கத்தில். இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் நாடகம் திரைப்படத்தின் வருகையால் நலிந்தது என்னும் வாக்கியத்தை, இத்தேதிகளை அருகில் வைத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். திரைப்படத்தின் பங்கு மறுக்கத்தக்கதன்று. அங்கும் வினை தன்வினையாகவே இருப்பது ஐயத்திற்குரியது.

இங்கிலாந்தில் 1737 முதல் தணிக்கைக்கு வந்த நாடகக் கைப்படிகள் பேரளவில் காக்கப்பட்டுள்ளன. 1824வரை வந்தவற்றின் பெருந்தொகுதி, தணிக்கையாளர் ஜான் லார்பன்ட்டின் பெயரால் கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது; பிந்தியவை பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. அடித்த வரிகளோடும் ஓரக் குறிப்புகளோடும் இருக்கும் அவற்றைக் கொண்டே அங்கே நாடக வரலாறு திருத்தி எழுதப்பட்டது. தமிழ் நாடகக் குழுக்களும் காவல்துறையிடம் நாடகப் பிரதியைக் கொடுத்து இசைவு கேட்டுக் காத்திருந்தன. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி வரும் மாணவரை 'நாடகத்தின் தோற்றமும் வளர்ச்சியும் வீழ்ச்சியும்' என்னும் தலைப்பிலிருந்து மீட்டு, அந்தப் பிரதிகளையும் அவற்றின் மீதான ஆணைகளையும் தேடி ஆவணக் காப்பகங்களுக்கு அனுப்புவது தமிழ்த் துறைகள் உடனே செய்யத்தக்கது.